சுவரொட்டியை அச்சுக்குக் கொடுக்குமுன் யாரிடம் காட்டுவது, என்ன கேட்பது?

வடகீழ்ப் பருவமழை நெருங்கும்போது மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் டெங்குச் சுவரொட்டிகள் முளைக்கத் தொடங்கும். பாடசாலைச் சுகாதாரக் கழகம் ஒன்று ஒட்டும். இளைஞர் கழகம் ஒன்று ஒட்டும். பள்ளிவாசல் நிர்வாகமும் கோயில் பரிபாலன சபையும் தங்கள் பங்குக்கு ஒட்டுவார்கள். இவை உருவாகும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். கணினி தெரிந்த தம்பி ஒருவர் இரவோடிரவாக வரைவார், வட்ஸ்அப் குழுவில் போடுவார், பத்துப் பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள், காலையில் அது அச்சகத்துக்குப் போய்விடும்.

அந்தக் கட்டைவிரல்களைத்தான் பலர் பின்னூட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவை வரைந்த தம்பிக்குக் கிடைத்த பாராட்டு. வரைந்தவர் மனம் நோகக்கூடாது என்பதற்காக நாலு பேர், தலைவர் போட்டுவிட்டாரே என்பதற்காக நாலு பேர், திறந்தும் பாராமல் இரண்டு பேர். சுவரொட்டி வேலை செய்யுமா என்ற கேள்விக்கு இதில் பதிலே இல்லை.

வடிவமைப்பில் பின்னூட்டம் என்றால், அந்தச் சுவரொட்டி யாருக்காகச் செய்யப்படுகிறதோ அவர் அதைப் பார்த்து என்ன விளங்கிக்கொள்கிறார், பிறகு என்ன செய்வார் என்பதை அச்சடிக்குமுன் அறிந்துகொள்வது. அறிந்ததை வைத்துத் திருத்துவது, திருத்தியதை மறுபடி காட்டுவது. சுகாதாரக் கல்வித்துறையில் இதை முன்பரிசோதனை என்பார்கள். பெயர் பெரிதாக இருந்தாலும் இதற்குத் தேவையானது இரண்டு மூன்று பின்னேரங்களும், ஒரு கொப்பியும், கொஞ்சம் பொறுமையும்தான்.

எப்படிச் செய்வது என்று பார்க்க, ஒரு குழுவைக் கற்பனை செய்துகொள்வோம். கல்லடிப் பக்கத்து இளைஞர்கள். மழைக்குமுன் டெங்குச் சுவரொட்டி அடித்து நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி என்று கடற்பக்கத்து எழுவான்கரை நெடுகவும், வாவிக்கு அப்பால் படுவான்கரைக் கிராமங்கள் சிலவற்றிலும் ஒட்டப் போகிறார்கள். அவர்களுடைய முதல் மாதிரியை நீங்கள் ஏற்கெனவே எங்கோ பார்த்திருப்பீர்கள். நடுவில் கால் பரப்பி நிற்கும் பென்னாம்பெரிய நுளம்பு. மேலே இரத்தம் சொட்டும் எழுத்தில் “டெங்கை ஒழிப்போம்!” ஒரு மூலையில் மண்டையோடு. 2017ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 186,101 பேர் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள் என்ற வரி. மும்மொழியிலும் பத்துப் பத்து அறிவுரைகள். அடியில் அனுசரணையாளர்களின் இலச்சினைகள் வரிசையாக. எல்லாம் உண்மை, எல்லாம் நல்ல எண்ணம். இதைப் பார்த்து யாரும் “கூடாது” என்று சொல்லப் போவதில்லை.

கேட்கப் போகுமுன் தீர்மானிக்க வேண்டியது

பின்னூட்டம் கேட்கப் போகுமுன் குழுவுக்குள் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். இதைப் பார்த்தவர் வீட்டுக்குப் போய்க் கையால் என்ன செய்யவேண்டும்? “விழிப்புணர்வு அடையவேண்டும்” என்பது பதில் ஆகாது. விழிப்புணர்வைக் கையால் செய்ய முடியாது. பதில் இல்லாமல் தெருவுக்கு இறங்கினால், வருகிற கருத்துகளில் எது முக்கியம், எது வெறும் விருப்பு வெறுப்பு என்று பிரிக்க அளவுகோல் இருக்காது.

டெங்கைப் பொறுத்தவரை அந்தப் பதிலை நுளம்பே சொல்லித் தருகிறது. டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு தேங்கிய நீரின் விளிம்பில், பாத்திரத்தின் உட்சுவரில் முட்டை ஒட்டுகிறது. நீர் பட்டால் அது குடம்பியாகி, கூட்டுப்புழுவாகி, பறக்கும் நுளம்பாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள் எடுக்கும். நீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, காய்ந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். ஆகவே செய்யவேண்டியது: வாரத்துக்கு ஒருமுறை வளவைச் சுற்றி, நீர் தேங்கும் பொருள்களைக் கொட்டி, உட்சுவரைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைப்பது. “டெங்கை ஒழிப்போம்” என்ற வரியில் இதில் ஒன்றுகூட இல்லை. யார் ஒழிப்பது, எப்போது, எதை வைத்து?

இந்த ஒரு கேள்வியைக் கேட்டவுடனேயே பல சுவரொட்டிகள் தெருவுக்கு வராமலே திருந்திவிடுகின்றன.

மூன்று விதமான ஆட்கள்

எல்லோரிடமும் எல்லாவற்றையும் கேட்கக்கூடாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதாவது நம்மூர்ப் பேச்சில் பீ.எச்.ஐ. ஐயா, சொல்லவேண்டியது தகவல் சரியா என்பதை. காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் தவிர அஸ்பிரின், இபுபுரூபன் போன்றவற்றை எடுக்கக்கூடாது என்று போட்டிருக்கிறோமா, வார்த்தை பிசகியிருக்கிறதா என்பதை அவர்தான் பார்க்கவேண்டும். எழுத்து அழகா என்று அவரிடம் கேட்டால் அவரும் பதில் சொல்வார், ஆனால் அந்தப் பதிலுக்கு உங்கள் மச்சானின் பதிலுக்கு உள்ள பெறுமதிதான்.

வடிவமைப்புத் தெரிந்தவர்கள் இரண்டாவது வகை. கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படிக்கும், படித்த பிள்ளைகள் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கண் முதலில் எங்கே போகிறது, எங்கே இடறுகிறது, எழுத்துக்கும் பின்னணிக்கும் வேறுபாடு போதுமா என்பதையெல்லாம் அவர்கள் சட்டென்று பிடிப்பார்கள். அவர்களிடம் காட்டும்போது “எப்படி இருக்கு?” என்பதைவிட, “தேத்தண்ணிக் கடைச் சுவரில் நிற்கும் ஆளுக்கு வாரம் ஒருமுறை சட்டியைக் கவிழ்க்கவேண்டும் என்று விளங்கவேண்டும், இந்தப் படம் அதைச் செய்கிறதா?” என்று நோக்கத்தைச் சொல்லிக் கேட்பது நல்லது. நோக்கம் தெரியாத வடிவமைப்பாளர் தனக்குப் பிடித்த இன்னொரு சுவரொட்டியைத் தன் மனதில் வரைந்துவிடுவார்.

மூன்றாவது வகை, யாருக்காக இந்த வேலையோ அவர்கள். பெரும்பாலும் விட்டுப்போவதும் இவர்கள்தான். தாய்மாரோடு கிளினிக்கில் காத்திருக்கும் அம்மம்மா, முச்சக்கரவண்டித் தரிப்பிடத்து அண்ணன், ஓலைப்பாய் வியாபாரி, ரியூஷன் விட்டு வரும் பிள்ளைகள். இவர்களிடம் நோக்கத்தை முன்கூட்டிச் சொல்லவே கூடாது. சொன்னால் அதையே திருப்பிச் சொல்வார்கள்.

எத்தனை பேரிடம் காட்டவேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். இணையத்தளங்களின் பயன்பாட்டை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கணக்கு பரவலாக எடுத்தாளப்படுகிறது: 5 பேரிடம் சோதித்தாலே சிக்கல்களில் ஏறத்தாழ 85 சதவீதம் தெரிந்துவிடும். சுவரொட்டிக்கு அந்தச் சதவீதம் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் அதிலிருந்து எடுத்த முடிவு நமக்கும் பொருந்தும். 15 பேரிடம் ஒரே தடவை கேட்பதைவிட, 5 பேரிடம் கேட்டு, திருத்தி, வேறு 5 பேரிடம் காட்டி, மறுபடி திருத்துவது மேல். பார்ப்பவர்கள் வெவ்வேறு விதமானவர்கள் என்றால் ஒவ்வொரு விதத்திலும் மூன்று நான்கு பேர். நம் குழுவுக்கு அது காத்தான்குடியில் சிலர், ஆரையம்பதியில் சிலர், வாவி தாண்டிக் கொக்கட்டிச்சோலைப் பக்கம் சிலர் என்று வரும். மூன்று இடத்திலும் பேசுவது தமிழ்தான். வீட்டுக்குள் நடக்கும் வேலை, வளவில் கிடக்கும் சாமான், வேலைக்குப் போகும் நேரம் எல்லாம் வேறு.

எப்படிக் கேட்பது

கிழக்கு மாகாணத்து ஆட்களிடம் ஒரு குணம் உண்டு. வெயிலில் வந்த பிள்ளை காகிதத்தை நீட்டி “நல்லா இருக்கா?” என்று கேட்டால், “நல்லா இருக்கு மனே, குடிக்க என்ன தர?” என்பார்கள். அதிலுள்ள அன்பு உண்மைதான், தகவல் சுழியம். ஆகவே ஆம், இல்லை என்று முடியும் கேள்விகளை மறந்துவிடவேண்டும்.

முதலில் ஐந்து விநாடி காட்டிவிட்டு மறைத்துவிடுங்கள். “என்ன கண்டீங்க?” என்று மட்டும் கேளுங்கள். அவர் முதலில் சொல்வது எதுவோ அதுதான் உங்கள் சுவரொட்டியின் உண்மையான தலைப்பு. நுளம்பு என்று சொன்னால் நுளம்புதான். அதற்குப் பிறகு மறுபடி காட்டி, ஆறுதலாகப் பார்க்கவிட்டு, “இது ஆருக்குச் சொல்லுது? என்ன செய்யச் சொல்லுது?” என்று கேட்கலாம். கேட்டபின் வாயை மூடிக்கொள்வது கஷ்டம், ஆனால் அதுதான் வேலை. விளங்காமல் அவர் தடுமாறும் இடத்தில் நாம் புகுந்து விளக்கினால், சுவரில் ஒட்டிய காகிதத்துக்குப் பக்கத்தில் நின்று நாளெல்லாம் விளக்க ஆள் போடவேண்டி வரும்.

கிளினிக் வாங்கில் இருக்கும் ஓர் அம்மாவிடம் பேச்சு இப்படிப் போகலாம். காட்டுவது குழுவின் இன்னொரு மாதிரி, அதன் படத்தில் ஒரு பெண் தயிர்ச்சட்டியைத் தேய்த்துக் கழுவுகிறாள்.

“அம்மா, இதுல என்ன நடக்குது?”

“ஆரோ ஒரு பொம்பிள சட்டி கழுவுறா மனே.”

“என்னத்துக்குக் கழுவுறா?”

“சோறாக்கத்தான். வேற என்னத்துக்கு?”

மூன்று வரியில் படம் தோற்றுப்போனது தெரிந்துவிட்டது. பிழை அம்மாவில் இல்லை. குசினிக்குள் இருப்பதுபோல் வரையப்பட்ட சட்டி சமையல் சட்டிதான். அதே சட்டியை வேலி ஓரத்தில், மழைநீர் நிறைந்து, உள்ளே குடம்பி நெளிய, தென்னைமரத்தடியில் எறியப்பட்டதாக வரைந்தால் கதை மாறும். எருமைத் தயிருக்குப் பேர்போன ஊரில் வெறும் சட்டிகள் வளவெல்லாம் கிடப்பது எவருக்கும் சொல்லித்தரவேண்டிய விசயமில்லை. அந்தக் காட்சி கொழும்பிலிருந்து இறக்கிய சுவரொட்டியில் வராது. அங்கே பூச்சாடியும் ஏசிப் பெட்டியும்தான் வரும்.

வெளிப்படையாகக் குறை சொல்லத் தயங்குபவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. “உங்களுக்கு விளங்குதா?” என்பதை விட்டு, “உங்கட அயல்ல ஆருக்கு இது விளங்காது?” என்று கேட்டால் வாய் திறக்கும். அயல்வீட்டுக்காரர் பெயரில் தன் சந்தேகத்தைச் சொல்லிவிடுவார். இரண்டு மாதிரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டுவதும் உதவும், ஒன்றைக் குறை சொன்னாலும் மற்றதைப் பாராட்டிய நிம்மதி அவருக்குக் கிடைக்கும். “இது நான் வரைஞ்சது இல்ல” என்று, உண்மையிலேயே வரையாத ஆளை அனுப்பிச் சொல்ல வைப்பதும் நல்ல உத்தி. கூட்டமாக இருத்திக் கேட்பதை மட்டும் தவிருங்கள். கூட்டத்தில் ஒரு அதிபரோ கிராம உத்தியோகத்தரோ இருந்தால் மற்ற எல்லோரும் அவருடைய கருத்தையே வைத்திருப்பார்கள்.

சொன்னதும் சொல்லாததும்

கொப்பி நிறையக் குறிப்பு வந்துவிட்டது. இனித்தான் சிக்கலான பகுதி. தொடக்கக்காரர்கள் இங்கே இரண்டு விதமாக வழுக்குவார்கள். ஒருவர் எதையும் ஏற்கமாட்டார், மக்களுக்குக் கலை தெரியாது என்பார். மற்றவர் சொன்னதையெல்லாம் போட்டுவிடுவார், நாலாவது மாதிரியில் சுவரொட்டி சந்தி விளம்பரப் பலகையாகிவிடும்.

வயிற்றுவலிக்காரன் வலி எங்கே என்றுதான் சொல்வான், மருந்தைப் பரியாரிதான் தேடவேண்டும். “எழுத்தப் பெருசாக்குங்க” என்று நாலு பேர் சொன்னால், அவர்களுக்கு வாசிக்கக் கஷ்டமாக இருந்தது என்பது உறுதி. காரணம் எழுத்தின் அளவாக இருக்கலாம். சொற்கள் அதிகம் என்பதாக இருக்கலாம். மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்து போட்டதாகவும் இருக்கலாம். “இன்னும் கொஞ்சம் விளக்கம் போட்டா நல்லம்” என்று கேட்பவருக்குப் பெரும்பாலும் தலைப்பே விளங்கவில்லை. அங்கே விளக்கத்தைக் கூட்டினால் நோய் கூடும். ஆகவே கொப்பியில் அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள், பக்கத்தில் அது எந்தச் சிக்கலைக் காட்டுகிறது என்று எழுதுங்கள், அதற்குப் பிறகுதான் என்ன செய்யப்போகிறோம் என்று. இரண்டாவதை எழுதாமல் மூன்றாவதற்குப் பாய்வதுதான் வழக்கமான விபத்து.

சில கருத்துகள் படத்தைத் தாண்டிப் போகும். அவைதான் பொன். நம் குழு ஒரு வயோதிபரிடம் காட்டுகிறது என்று வையுங்கள். “இரவைக்கு வலை கட்டிப் படுத்தாச் சரி” என்கிறார் அவர். இது அறியாமை இல்லை, அனுபவம். இந்த மாவட்டங்களில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு நுளம்பு என்றால் மலேரியா. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் இரவில் கடிப்பது, வலை அதற்குச் சரியான ஆயுதம். இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் சான்று கொடுத்ததில் அந்த வலைகளுக்கும் பங்கு உண்டு. ஈடிஸ் கடிப்பதோ பகலில், காலையிலும் பின்னேரத்திலும் கூடுதலாக. இப்போது அந்தப் பென்னாம்பெரிய நுளம்பு என்ன செய்கிறது என்று பாருங்கள். அவருக்குத் தெரிந்த பழைய எதிரியைக் காட்டி, பழைய ஆயுதத்தை எடுக்கவைக்கிறது. நுளம்பைச் சுவரொட்டியிலிருந்தே எடுத்துவிட்டு, அது பிறக்கும் சட்டியை நடுவில் வைக்க இதைவிட வலுவான காரணம் வேண்டாம்.

மண்டையோடும் அப்படித்தான். பயமுறுத்தினால் கேட்பார்கள் என்பது வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் நாம் கற்றுக்கொண்ட பாடம். ஆனால் பயமூட்டும் செய்திகளை ஆராய்ந்த கிம் விட் 1992இல் முன்வைத்த கோட்பாடு இதற்கு ஒரு நிபந்தனை போடுகிறது. ஆபத்து பெரிது என்பதோடு, என்னால் இதைத் தடுக்கமுடியும் என்ற நம்பிக்கையும் சேர்ந்து வந்தால்தான் ஆள் செயலில் இறங்குவார். வழி தெரியாத பயம் ஆளை முகத்தைத் திருப்ப வைக்கும். 186,101 என்ற எண்ணைக் காட்டிக் கேட்டாலும் பெரும்பாலும் கிடைப்பது “ஐயோ” மட்டும்தான். அந்த எண் பிரதேச செயலகத்துக்கு எழுதும் நிதிக் கோரிக்கையில் நன்றாக வேலை செய்யும். சுவரில் அதற்கு இடமில்லை.

படத்தில் கழுவிக்கொண்டிருந்த பெண்ணைப் பற்றியும் கதை வரும். “ஏன் எங்களையே கழுவச் சொல்றீங்க? ஆம்பிளைகள் என்ன செய்யிறாங்க?” என்று யாராவது ஒரு அக்கா கட்டாயம் கேட்பார். கேட்பது சமத்துவத்துக்காக மட்டும் இல்லை. கூரைப் பீலியில் தேங்கும் நீரை ஏணி வைத்துப் பார்ப்பதும், கவிழ்க்காத தோணிக்குள் நிற்கும் மழைநீரை இறைப்பதும் பெரும்பாலான வீடுகளில் ஆண்களின் வேலை. பெண் மட்டும் இருக்கும் படம் அவர்களுக்கு விடுமுறை கொடுக்கிறது. பொட்டு வைத்த பெண்ணை மட்டும் போட்டால் காத்தான்குடியில் அது அடுத்த ஊர்ச் சுவரொட்டி, முக்காடு போட்டவரை மட்டும் போட்டால் ஆரையம்பதியில் அப்படி. இருவரையும் கைகோத்து நிற்கவைத்தால் அது இன ஒற்றுமைச் சுவரொட்டி, டெங்கு மறந்துபோகும். கையும் சட்டியும் மட்டும் தெரிய நெருங்கி எடுத்த படம் இந்தச் சிக்கலை அமைதியாகத் தாண்டிவிடும். நிறத்துக்கும் ஒரு சொல்: தேர்தல் அண்டும்போது எந்த இரண்டு நிறத்தைச் சேர்த்தாலும் அது ஏதாவதொரு கட்சிக் கொடியாகத் தெரியும். அதை முன்கூட்டியே நாலு பேரிடம் கேட்டுவிடுவது நல்லது.

எந்த நாள் என்ற கேள்வியும் இப்படித் திறக்கும். குழு “ஞாயிறு தோறும்” என்று போட்டிருந்தது என்று வைப்போம். காத்தான்குடியிலும் ஆரையம்பதியிலும் கேட்டால், வெள்ளிக்கு முன்னதாக வீடு வாசல் துப்புரவாக்கும் பழக்கம் இரண்டு பக்கமும் இருப்பது தெரியவரும், ஒரு பக்கம் பூசைக்கு, மறுபக்கம் ஜும்ஆவுக்கு. ஏற்கெனவே விளக்குமாறு எடுக்கும் நாளோடு ஒட்டிவிட்டால் புதிய பழக்கம் ஒன்றைக் கட்டத் தேவையில்லை. “வியாழன் பின்னேரம் வளவைச் சுற்று” என்ற வரி யாருடைய மேசையிலும் பிறந்திருக்காது.

ஒன்று மூன்றாகும் இடம்

பீ.எச்.ஐ. ஐயா, டயர், சிரட்டை, தாங்கி, பீலி, யோகட் கோப்பை என்று எதையும் விடக்கூடாது என்பார். தேத்தண்ணிக் கடைக்கார நாநா, இவ்வளவு இருந்தால் ஒருத்தரும் வாசிக்கமாட்டார் என்பார். குடும்பநல உத்தியோகத்தர், காய்ச்சல் குறைந்ததும் சுகம் என்று நினைத்துப் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கிறார்கள், அதைப் போடுங்கள் என்பார். மூன்று பேரும் சரி. ஒரே தாளில் மூன்று பேரையும் திருப்திப்படுத்த முயன்றால் மூன்றும் கெடும்.

பிரசாரம் என்பது ஒரே சுவரொட்டியை நூறு இடத்தில் ஒட்டுவது அல்ல என்று இங்கேதான் விளங்கும். வீதிக்கு ஒன்று, ஒரு வரியும் ஒரு படமும். வீட்டுக்கு ஒன்று, குசினிக் கதவில் ஒட்டும் சிறிய தாள், நீர் தேங்கும் பொருள்கள் எல்லாவற்றுக்கும் வாரா வாரம் அடையாளமிடக் கட்டங்கள். கிளினிக் சுவருக்கு ஒன்று: காய்ச்சல் இறங்கும் நேரம்தான் டெங்கில் ஆபத்தான நேரம், ஓயாத வாந்தி, கடும் வயிற்றுவலி, இரத்தக்கசிவு, சோர்ந்து மயங்குதல், சிறுநீர் குறைதல் கண்டால் உடனே ஆஸ்பத்திரி, இலவச அம்புலன்சுக்கு 1990. காத்திருக்கும் இடத்தில் ஆளுக்கு நேரம் இருக்கிறது, அங்கே பத்து வரி தாங்கும். மூன்றிலும் அதே சட்டி, அதே நிறம், அதே எழுத்துரு இருந்தால் ஒன்றைக் கண்டவர் மற்றதையும் அடையாளம் காண்பார்.

வீதிக்கு ஒரு வரிதான் என்பதற்குக் கணக்கும் இருக்கிறது. கல்லடிப் பாலத்தடியில் மோட்டார்சைக்கிள் மணிக்கு 40 கிலோமீற்றரில் வந்தால் விநாடிக்கு 11 மீற்றர் ஓடுகிறது. 20 மீற்றர் தூரத்தில் பதாகை கண்ணில் பட்டால், கடந்துபோக இரண்டு விநாடிகூட இல்லை. நாலைந்து சொல்லுக்கு மேல் போகாது. பதாகை எழுதுபவர்கள் வைத்திருக்கும் ஓர் அளவு, 3 மீற்றர் தூரத்துக்கு எழுத்தின் உயரம் 2.5 சென்ரிமீற்றர். அப்படியானால் 20 மீற்றருக்கு ஏறத்தாழ 17 சென்ரிமீற்றர். ஏ3 தாளின் அகலமே 29.7 சென்ரிமீற்றர், அதில் அந்த அளவில் இரண்டு எழுத்தை நெருக்கிப் போட்டாலும் மூச்சுமுட்டும். ஆக, வீதி ஓரத்தில் ஏ3 ஒட்டுவது அநேகமாகத் தாளுக்கும் பசைக்கும் நட்டம். அதே ஏ3 தேத்தண்ணிக் கடைச் சுவரில், 3 மீற்றரில், 2.5 சென்ரிமீற்றர் எழுத்தோடு சுகமாக வாசிக்கப்படும். கணக்குப் போடச் சோம்பலாக இருந்தால் மாதிரியை ஒட்டிவிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்று பாருங்கள். கணினித் திரையில் ஒரு முழத் தூரத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுப்பதுதான் ஆகாது.

எதை முதலில் திருத்துவது

செய்தி, பிறகு படம், பிறகு இட ஒழுங்கு, கடைசியில் நிறமும் எழுத்துருவும். இந்த ஒழுங்கு முக்கியம், ஏனென்றால் மேலே ஒன்று மாறினால் கீழே உள்ளது எல்லாம் வீணாகும். பல குழுக்கள் தலைகீழாகப் போய் எழுத்துரு பற்றி இரண்டு இரவு சண்டை பிடித்து, மூன்றாம் நாள் தலைப்பையே மாற்றுவார்கள்.

ஒவ்வொரு சுற்றிலும் ஓரிரண்டு மாற்றத்துக்கு மேல் செய்யாதீர்கள். ஐந்தை ஒன்றாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது. பழைய மாதிரியை அழிக்காமல் முதலாவது, இரண்டாவது என்று இலக்கமிட்டு வையுங்கள், சிலவேளை திரும்பிப் போகவேண்டி வரும். திருத்தியதை முன்பு பார்த்தவர்களிடமே காட்டுவதில் பயன் குறைவு. அவர்களுக்குக் கதை ஏற்கெனவே தெரியும், புதிதாகப் பார்க்க அவர்களால் முடியாது. புது ஆட்கள் வேண்டும். புது ஆட்கள் பழைய சிக்கலையும் சொல்லவில்லை, புதிதாக ஒன்றும் எழவில்லை என்றால் நிறுத்தலாம். ஒருவருக்கு மட்டும் ஊதா நிறம் பிடிக்கவில்லை என்றால் அவரைக் கும்பிட்டுவிட்டுப் போகலாம்.

அனுசரணையாளரின் கருத்து வேறு ரகம். இலச்சினை சிறிது, தலைவரின் படம் இல்லை, திறப்பு விழாத் திகதி இல்லை என்று வரும். இதில் வாதாடுவதைவிட, முதலிலேயே அடியில் ஒரு கீற்றை ஒதுக்கி எல்லா இலச்சினைக்கும் ஒரே உயரம் என்று எழுத்தில் உடன்பட்டுக்கொள்வது லேசு. அதற்குமேல் கேட்டால் கிளினிக் அம்மாவின் பதிலைக் காட்டுங்கள். வடிவமைப்பாளரின் ரசனையோடு மோதுபவர்கள்கூட, “சோறாக்கத்தான்” என்ற பதிலோடு மோதுவது குறைவு.

அச்சகத்து வாசலில்

கடைசிச் சோதனைகள் சின்னவை, ஆனால் காசு போவது இங்கேதான். மாதிரியைக் கறுப்பு வெள்ளையில் போட்டோக்கொப்பி எடுத்துப் பாருங்கள். கிராம உத்தியோகத்தர் பணிமனையில் அப்படித்தான் பிரதியெடுப்பார்கள், சிவப்பும் பச்சையும் அதில் ஒரே சாம்பலாகிவிடும். சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கும் அது உதவும். பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். யுனிக்கோட்டில் தட்டினாலும் சில மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம்மாறி நிற்கும். ஆகவே அச்சகத்துக் கணினியில் திறந்த பிறகு ஒருமுறை எழுத்தெழுத்தாக வாசிக்கவேண்டும். வரைந்தவர் வாசித்தால் போதாது, அவர் கண்ணுக்குப் பிழை தெரியாது. தொலைபேசி இலக்கங்களை வாசிக்காமல் அழைத்தே பாருங்கள். பின்னணி நிறத்தைச் சுற்றிவர 3 மில்லிமீற்றர் கூடுதலாக நீட்டி விடவேண்டும், தாளை வெட்டும்போது அந்த ஓரம் போய்விடும். படங்களை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும், கோப்பாக அனுப்புங்கள். திரையில் மின்னும் பச்சை தாளில் மங்கும். ஓஃப்செட்டில் தகடு போட்டபின் ஒரு எழுத்துத் திருத்துவதற்கும் புதுத் தகட்டின் காசு. அதனால் டிஜிட்டல் அச்சில் ஒன்றே ஒன்று எடுத்து, அதை ஒட்டப்போகும் சுவரிலேயே பிடித்துப் பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள்.

ஒட்டிய பிறகும் கேள்விகள் தீராது. இரண்டு வாரம் கழித்து ஒரு சுற்று போய் வந்தால், மழையில் எது கரைந்தது, எதன்மேல் ரியூஷன் விளம்பரம் ஏறியது, எந்தக் கடைக்காரர் தானாகவே கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார் என்று தெரியும். குசினித் தாளில் அடையாளம் போட்டிருக்கிறார்களா என்பதையும் சில வீடுகளில் கேட்கலாம். கட்டங்கள் வெறுமையாகக் கிடந்தால், பேனை பக்கத்தில் இல்லாததுதான் காரணமா என்று முதலில் விசாரியுங்கள். இந்தக் குறிப்புகளையும், திருத்தக்கூடிய மூலக் கோப்பையும், எழுத்துருவையும் சேர்த்து ஒரு பிரதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கொடுத்து வைத்தால், அடுத்த மாரிக்கு வேறொரு குழு முதல் மாதிரியிலிருந்து தொடங்கத் தேவையில்லை.